பெயர் காட்டாத வைஃபை

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது. என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி அல்ல. ஆரணி பஜாரில் பன்னீர்செல்வத்தின் கம்ப்யூட்டர் சாமான் கடைக்கு பிரிண்டர் மை வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பதைத் தாண்டியிருப்பாள். ரவுட்டர் ஒன்று கேட்டாள். ஏதோ ஒன்று கொடுங்கள் என்று கேட்கவில்லை. மாடல் பேர் சொல்லி, அதில் விபிஎன் போட வசதி உண்டா என்று விசாரித்து, பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துவிட்டு, "இதையே குடுங்க" என்றாள்.

பன்னீர்செல்வம் பெட்டியை வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டான். "வீட்ல கேட்டீங்களாம்மா?" என்றான்.

அவள் அவனைப் பார்த்தாள். "பில் போடுங்க," என்றாள். வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்தது நான். என்னிடம் அவன் ஒன்றும் கேட்கவில்லை. தலை நரைத்த ஓர் ஆம்பளை இவ்வளவு மை வாங்கிப் போய் என்னத்தை எழுதித் தொலைப்பான் என்று ஊரில் ஒருத்தருக்கும் கவலை இல்லை. எனக்குத் தெரிந்து எந்தக் கடையிலும் என்னை யாரும் வீட்டில் கேட்டாயா என்று கேட்டதில்லை. பிளேடு வாங்கியபோதுகூட.

அந்தப் பெண்ணை அதற்கு முன் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. கோபம் மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது. ஆகவே இனி வருவதெல்லாம் நான் கட்டியது. அவளுக்கு தேவிப்ரியா என்று பெயர் வைக்கிறேன். அவள் எந்த வீட்டுக்குத் திரும்பிப் போனாள் என்பதுதான் கதை.

2

ஆரணியின் விடியல் தறிச் சத்தத்தோடு

(அடித்துவிட்டேன். கதை கேட்ட பத்திரிகை ஆசிரியர் போனிலேயே சொன்னார்: "ஆரணின்னா தறி கட்டாயம் வரணும் சார். ஒரு பெரியவர், ஒரு பழைய தறி, பையன் சென்னைக்குப் போயிடறான். அந்த மாதிரி." எங்கள் ஊரில் பட்டு நெய்கிறவர்கள் இருக்கிறார்கள், விற்கிறவர்கள் இருக்கிறார்கள். மாடியறையில் உட்கார்ந்து ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் பில்களுக்குக் குறியீட்டு எண் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். வெளியூர் வாசகர் அழுவதற்கு வசதியாக நாங்கள் எல்லோரும் தறிக்குழியிலேயே உட்கார்ந்திருக்க முடியாது.)

தேவிப்ரியா ஒரு சாதாரணக் குடும்பத்துப் பெண். அவளுக்கு

(சாதாரணம் என்றால்? ஆண்களைப் பற்றி எழுதும்போது நான் இந்த வார்த்தையைப் போடுவேனா?)

வீட்டில் இருக்கும் நெட் இணைப்போடு இன்னொரு ரவுட்டரைச் சேர்ப்பது சுலபம். பழையதை எடுக்க வேண்டியதில்லை. பழையதிலிருந்து ஒரு வயரைப் புதியதற்கு இழுத்தால்

(இது செய்முறைக் குறிப்பு. ஆனால் இதில் ஒரு பொய்யும் இல்லை. "சுலபம்" என்பதைத் தவிர. இங்கிருந்தே தொடங்குகிறேன்.)

3

தேவிப்ரியா போளூர்க்காரி. கல்யாணமாகி ஆரணிக்கு வந்தவள். கணவன் ராஜ்குமார், பட்டுப்புடவைக் கட்டுகளைக் காரில் ஏற்றிக்கொண்டு பெங்களூர், கோயம்புத்தூர் என்று கடைகளுக்குப் போட்டு வருகிறவன். அவனுடைய அண்ணன் கமலக்கண்ணன். கீழ்த்தளத்தில் இருக்கும் புடவைக் கடையை நடத்துவது அவர். அண்ணி புஷ்பலதா. தேவிக்கு ஓரகத்தி, அவள் அக்கா என்று கூப்பிடுவாள். ஒரே வீடு, ஒரே சமையல்.

நெட் இணைப்பு கடைக்காக வாங்கியது. ரவுட்டர் கடையில் கல்லாவுக்குப் பின்னால், சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது. அதிலிருந்து ஒரு வயர் சுவரோடு ஏறி மாடிக்கு வருகிறது. அந்த வயர்தான் தேவிக்குச் சோறு போடுகிறது. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு ஆஸ்பத்திரி பில்களுக்குக் குறியீட்டு எண் போடும் வேலையை அவள் வீட்டிலிருந்தே பார்க்கிறாள்.

போன வருஷம் கமலக்கண்ணன் பழைய ரவுட்டரை மாற்றினார். புதியதோடு போனில் போட்டுக்கொள்ளும் ஆப் ஒன்றும் வந்தது. வீட்டில் யாருடைய போன் எந்த சைட்டுக்குப் போகிறது என்று அது பெயரோடு காட்டும். உள்ளே போய் என்ன எழுதினார்கள் என்று தெரியாது. எந்த வாசலில் நுழைந்தார்கள் என்று தெரியும். அவருக்கு அது போதுமாக இருந்தது.

முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. "இன்னா தேவி, மத்தியானம் ஆனா கொரியா சீரியல் ஓடுது போல?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தேவியும் சிரித்தாள். எப்படித் தெரிந்தது என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. ராஜ்குமார் சொல்லியிருப்பான் என்று விட்டுவிட்டாள்.

பிறகு ஒரு நாள் இரவுச் சாப்பாடு. ராஜ்குமார், கமலக்கண்ணன், ஊரிலிருந்து வந்திருந்த அவருடைய மச்சான் மாணிக்கவேல் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருக்க, தேவி ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா தேவி," என்றார் கமலக்கண்ணன், அப்பளத்தை உடைத்தபடி. "லேடி டாக்டர் சைட்டெல்லாம் பாத்துகினு இருக்கியே, உடம்புக்கு இன்னா?"

கரண்டி நின்றது.

மாதாமாதம் அவளுக்கு அளவுக்கு மீறிப் போகிறது. யாரிடமும் சொல்லவில்லை. கணவனிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை. முகம் தெரியாத ஒரு பெண் டாக்டரிடம், எழுத்தில் கேட்டால் கூச்சம் குறையும் என்று கேட்டிருந்தாள். இப்போது ஒரு மச்சான் ரசத்தை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

"உங்களுக்கு எப்டி மாமா தெரியும்?"

"நம்ம நெட்டும்மா. போன்லயே காட்டுது. அக்கறைல தான கேக்கறேன்."

அக்கறை! இந்த வார்த்தையை நான் எழுதும்போது பேனா முள் தாளைக் கிழித்துவிட்டது என்று எழுத ஆசை. உண்மையில் கம்ப்யூட்டரில்தான் தட்டுகிறேன், ஒன்றும் கிழியவில்லை. ஆனால் கோபம் நிஜம். அக்கறை உள்ளவர் புஷ்பலதாவிடம் சொல்லித் தனியாகக் கேட்கவைத்திருக்கலாம். கேட்காமலே இருந்திருக்கலாம். இவர் வேவு பார்த்ததையும் செய்து, அதை ஊருக்குப் பரிமாறியும் விட்டு, மேலே அக்கறை என்று நெய் ஊற்றுகிறார்.

தேவி அந்த இரவு சாப்பிடவில்லை. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. அந்த விவரத்தைக் காட்ட ஆப் இல்லை.

4

* இந்த இடத்தில் ஒரு வாசகர் கேட்பார்: போன் டேட்டாவில் பார்த்துக்கொள்ளலாமே, ரவுட்டர் எதற்கு? மாடியறையில் சிக்னல் சரியாக எடுக்காது. இது ஒரு பதில். தன் வீட்டில், தன் அறையில், அவள் ஏன் ஜன்னல் ஓரமாகப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒளிய வேண்டும் என்பது இன்னொரு பதில். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது.

* விபிஎன் என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு: அது ஓர் உறை. போகிற சங்கதியையெல்லாம் உறைக்குள் போட்டு ஒட்டி, தொலைவில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டருக்கு அனுப்பி, அங்கிருந்து ஊர் ஊராகப் பிரித்துவிடும். நடுவில் நிற்கிறவருக்கு உறை போவது தெரியும். யாருக்குப் போகிறது என்று தெரியாது. அதை ரவுட்டரிலேயே போட்டுவிட்டால், அந்த ரவுட்டரில் சேரும் எல்லாப் போனுக்கும் உறை உண்டு.

தேவிப்ரியா அதைத்தான் வாங்கி வந்தாள். படித்துப் படித்து, வீடியோ பார்த்து, விபிஎன் கணக்குக்கான விவரங்களை உள்ளே ஏற்றினாள். மாடிக்கு வந்த வயரைத் தன் லேப்டாப்பிலிருந்து பிடுங்கி, புதிய ரவுட்டரில் செருகினாள்.

தவறான ஓட்டையில் செருகினாள்.

ரவுட்டரின் பின்னால் ஒரே மாதிரி ஓட்டைகள் வரிசையாக இருக்கும். அதில் ஒன்று மட்டும் வேறு நிறம். வெளியிலிருந்து வரும் வயருக்கு அது. மற்றவை வீட்டுக்குள் இருக்கும் கருவிகளுக்கு. அவள் மற்றதில் செருகிவிட்டாள். அதோடு, கடையில் இருந்த ரவுட்டருக்கும் இதற்கும் கம்பெனிக்காரன் போட்டு அனுப்பிய முகவரி ஒன்றாக இருந்தது. ஒரே தெருவில் ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன ஆவார்? நெட் அப்படித்தான் திணறி நின்றது.

கீழே கமலக்கண்ணன் கோயம்புத்தூர் கல்யாண வீட்டுக்காரர்களுக்கு வீடியோ காலில் முகூர்த்தப் புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். முந்தானையைப் பிரிக்கிற நேரத்தில் படம் உறைந்தது. பிறகு போனது. பணம் வந்தால் கத்துகிற பெட்டியும் கத்தவில்லை. கடையில் இருந்த ஒருவர் பணம் போட்டுவிட்டேன் என்கிறார், பெட்டி இல்லை என்கிறது.

அவர் படியேறி வந்தபோது தேவியின் கையில் வயர் இருந்தது.

"இன்னா பண்ணிகினு இருக்க நீ?"

"ஒரு நிமிஷம் மாமா. தப்பா மாட்டிட்டேன். ஜல்தியா சரி பண்ணிடறேன்."

"வியாபாரம் போச்சும்மா! எத மாட்ன? இன்னா பொட்டி இது?"

(இங்கே நான் அவள் பக்கம் நிற்க முடியாது. தவறு அவளுடையது. கடை நேரத்தில் சொல்லாமல் செய்திருக்கக்கூடாது. அவளும் அதைத்தான் சொன்னாள்: "மன்னிச்சிக்குங்க மாமா, கடை மூடினப்பறம் பண்ணியிருக்கணும்." தவறு செய்தால் தவறு என்று சொல்லத் தெரிந்த ஒரே ஆள் இந்தக் கதையில் அவள்தான்.)

வயரைப் பிடுங்கியதும் கடையின் நெட் திரும்பி வந்தது. கடை மூடிய பிறகு அவள் புதிய ரவுட்டரின் முகவரியை மாற்றினாள். வயரை நிறம் மாறிய ஓட்டையில் செருகினாள். வைஃபையின் பெயர் மற்றவர் போனில் தெரியாதபடி மறைத்தாள். பெயரையும் பாஸ்வேர்டையும் தானே தட்டினால்தான் சேர முடியும். பச்சை விளக்கு வந்தது. கீழே ஒன்றும் கெடவில்லை. தேவி லேடி டாக்டரின் சைட்டைத் திறந்து, பாதியில் நிறுத்தியிருந்த கேள்வியை எழுதி முடித்தாள். எழுதி முடித்ததும் அழுகை வந்தது. கேள்விக்காக அல்ல.

5

ராஜ்குமார் நல்லவன். இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லவன் என்பதற்கு இந்த ஊரில் அர்த்தம், சண்டை வந்தால் பாத்ரூமுக்குப் போய்விடுகிறவன்.

"அண்ணன் கேட்டா ஆபீஸ்ல மாட்ட சொன்னாங்கன்னு சொல்லிடு," என்றான். "பேஜார் விட்டுது."

"ஆபீஸ்ல சொல்லலியே."

"சும்மா சொல்லு. இன்னா ஆயிடப் போவுது?"

"ஆபீஸ் கேட்டா சரி. நான் கேட்டா தப்பா?"

அவன் பாத்ரூமுக்குப் போனான்.

(முதல் வரைவில் அந்தப் பொய்யை அவளைச் சொல்லவைத்திருந்தேன். கமலக்கண்ணன் ஆபீஸ் என்றதும் அடங்கிப்போவார், வாசகர் சிரிப்பார், கதை சுபமாக முடியும். இரண்டு பக்கம் குறைவாகவும் இருந்திருக்கும். அடித்தேன். சம்பளம் கொடுக்கிற முதலாளியின் ரகசியத்துக்கு மரியாதை உண்டு, அவளுடைய உடம்பின் ரகசியத்துக்கு இல்லை என்று நானும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும்.)

ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி முடிந்ததும் கமலக்கண்ணன் ஹாலில் எல்லோரையும் உட்காரச் சொன்னார். போனைத் தூக்கிக் காட்டினார்.

"இதப் பாருங்க. தெரியாத கருவின்னு காட்டுது. அதுலேர்ந்து போறதெல்லாம் சிங்கப்பூருக்குப் போவுது. நம்ம வீட்லேர்ந்து சிங்கப்பூருக்கு இன்னா போவுது?"

"அது என் ரவுட்டர் மாமா," என்றாள் தேவி. "விபிஎன் போட்டிருக்கேன். அதான் அப்டி காட்டுது."

"அத யாரு போடுவான் தெரியுமா? வேண்டாதத பாக்கறவன் போடுவான். வாட்ஸப்ல வந்துது. போலீஸ் வந்து புடிக்கும்."

"என் ஆபீஸ் லேப்டாப்ல இருக்கு. பேங்க்ல இருக்கு. யாரும் புடிக்கல மாமா."

"தோ பாரும்மா, ஒரே குடும்பம். இதுல இன்னா ஒளிவு மறைவு?"

தேவி ராஜ்குமாரைப் பார்த்தாள். அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.  அவள் கமலக்கண்ணன் பக்கம் திரும்பினாள்.

"சரி மாமா. ஒளிவு மறைவு வேணாம். அந்த ஆப்ல உங்க போன் எங்கெங்க போச்சுன்னு படிங்க. இப்பவே. நாங்கல்லாம் கேக்கறோம்."

தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"என் போன் அதுல வராது," என்றார்.

"ஏன் வராது?"

"நான் எடுத்துட்டேன். நான் பாக்கறவன். என்துது எதுக்கு வரணும்?"

சமையலறை வாசலில் நின்றிருந்த புஷ்பலதா கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "என்துது?"

"இன்னாது?"

"என் போன். அதுல வருதா?"

"எல்லார்துந்தான் வருது. அதுக்கின்னா இப்ப?"

 புஷ்பலதா கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆனவள். அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். அடுப்பில் எதுவும் இல்லாதபோதும் அங்கேயே நின்றாள்.

"அத எடுத்துட்டு மறுவேல பாரு," என்றார் கமலக்கண்ணன் தேவியிடம்.

"எடுக்க மாட்டேன் மாமா."

6

மறுநாள் காலை தேவி லேப்டாப்பைத் திறந்தபோது நெட் இல்லை. கீழே, ரவுட்டரிலிருந்து மாடிக்கு ஏறும் வயரை அவர் பிடுங்கிவிட்டிருந்தார்.

அவள் இறங்கிப் போனாள். கடையில் ஒரு கல்யாணக் கும்பல். மடி நிறையப் புடவைகளோடு பெண்கள். கமலக்கண்ணன் வாயெல்லாம் சிரிப்பாக ஜரிகையின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். தேவி, "வாங்க, நல்லாருக்கீங்களா? காபி வந்துதா?" என்று அவர்களிடம் கேட்டபடியே கல்லாவுக்குப் பின்னால் குனிந்து, வயரை எடுத்துச் செருகினாள். எழுந்து மாடிக்குப் போனாள். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர் முன்னால் என்ன செய்ய முடியும்?

அன்றிரவு பிடுங்கினார். காலையில் அவள் செருகினாள். மறுபடி பிடுங்கினார். மறுபடி செருகினாள். சாப்பாட்டு நேரத்தில் இருவரும் பேசிக்கொள்வதில்லை. அவள் பரிமாறுவதை நிறுத்திவிட்டாள். தட்டை வைத்துவிட்டு வந்துவிடுவாள். ராஜ்குமார் திடீரென்று தேசூர்ப் பக்கம் ஒரு கடைக்கு அடிக்கடி போகவேண்டியதாயிற்று.

(கதையைப் படித்த நண்பர் ஒருவர், கமலக்கண்ணனுக்கு ஒரு நல்ல குணமாவது கொடுங்கள், ஒரே கறுப்பாக இருக்கிறது என்றார். கொடுக்கிறேன். தேவியின் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, போளூருக்கு ஓடி, அவரைக் காரில் போட்டு வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் கமலக்கண்ணன்தான். வராண்டாவில் துண்டை விரித்துப் படுத்தார். தேவி அதை மறக்கவில்லை. மறக்காததால்தான் அவளுக்கு இவ்வளவு வலி. எனக்குக் கோபம் குறைந்ததா? இல்லை. உதவி செய்தவருக்கு எட்டிப் பார்க்கிற உரிமையும் சேர்த்துக் கொடுக்கப்படுகிறது என்று எந்த ஊரில் எழுதி வைத்திருக்கிறார்கள்?)

ஒரு காலையில் தேவி எழுந்து வரத் தாமதமாகிவிட்டது. உடம்பு சரியில்லை, அந்த நாட்கள். படியைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள். கடைக் கதவு பாதி திறந்திருந்தது. கமலக்கண்ணன் செருப்பைக் கழற்றிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். உள்ளே சாமி படத்துக்கு விளக்கேற்ற வந்த புஷ்பலதா, கல்லாவுக்குப் பின்னால் குனிந்திருந்தாள். நிமிர்ந்தபோது அவள் கையில் ஒன்றும் இல்லை. வயர் செருகியிருந்தது.

அவர் அவளைப் பார்த்தார். "நீயா?"

"ஆமா."

"உனுக்கின்னா தெரியும் அதப் பத்தி?"

"செருவத் தெரியும்," என்றாள் புஷ்பலதா. தீப்பெட்டியை எடுத்து விளக்கை ஏற்றினாள்.

அதற்குப் பிறகு அவர் வயரைப் பிடுங்கவில்லை. திருந்தினாரா, பயந்தாரா, பெண்டாட்டியிடம் தோற்றது வெளியே தெரியக்கூடாது என்று நினைத்தாரா, எனக்குத் தெரியாது. திருந்தினார் என்று எழுத ஒரு வாக்கியம் தட்டினேன். அவர் மன்னிப்புக் கேட்காதபோது நான் எதற்கு அவர் சார்பில் கேட்க வேண்டும்? ஆப் இன்னும் அவர் போனில் இருக்கிறது.

7

லேடி டாக்டர் பதில் எழுதியிருந்தார். ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார். தேவி வேலூருக்குத் தனியாகப் போய் எடுத்து வந்தாள். கட்டி இருக்கிறது, ஆபத்தில்லாத வகை, மாத்திரை போதும் என்றார்கள். அதை ராஜ்குமாரிடம் அவளே, தான் நினைத்த நேரத்தில், தான் நினைத்த வார்த்தையில் சொன்னாள். இந்த முறை அவன் எழுந்து போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான். அவனுக்கு இந்த அளவு நான் கொடுக்கிறேன். இதற்கு மேல் அவனே சம்பாதிக்கட்டும்.

பிறகு ஒரு மத்தியானம். கமலக்கண்ணன் கடையில். புஷ்பலதா மாடியேறி வந்து கதவைத் தட்டினாள். அந்த வீட்டில் யாரும் யார் கதவையும் தட்டுவதில்லை. தேவிக்கு முதலில் என்ன சத்தம் என்றே புரியவில்லை.

"உள்ள வாங்கக்கா."

புஷ்பலதா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"உன் வைஃபை பேரு இன்னாடி? தேடித் தேடிப் பாத்தேன், காட்டவே இல்ல."

"மறைச்சு வெச்சிருக்கேங்க்கா. பேர் தட்டினாத்தான் வரும்."

"எனக்கும் போட்டுக் குடு."

தேவி எதற்கு என்று கேட்கவில்லை. போனை வாங்கி, பெயரைத் தட்டி, பாஸ்வேர்டைத் தட்டித் திருப்பிக் கொடுத்தாள். புஷ்பலதா சுவரில் முதுகைச் சாய்த்து, கால்களை மேலே இழுத்துக்கொண்டாள். தேவி தன் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு பில்களுக்கு எண் போட ஆரம்பித்தாள்.

புஷ்பலதா என்ன பார்க்கிறாள்?

முடிவு அ: தபால் வழியில் ஒரு படிப்பு. கல்யாணத்துக்காகப் பாதியில் விட்ட பி.காம்.

முடிவு ஆ: தெள்ளாரில் கூடப் படித்த ஒரு சிநேகிதி. பெயரை மறக்காமல் வைத்திருந்து இப்போது தேடுகிறாள்.

முடிவு இ: ஒரு வக்கீலின்

(நிறுத்து.)

மூன்றையும் எழுதிப் பார்த்தேன். இ நன்றாகவே வந்தது. அரைப் பக்கம் ஓடியது. பத்திரிகை ஆசிரியர் துள்ளிக் குதித்திருப்பார். பிறகு என் விரல்களைப் பார்த்தேன். இவ்வளவு நேரம் ஓர் ஆளைத் திட்டிக்கொண்டிருந்துவிட்டு, அவர் கண்ணுக்கு மறைந்த வாசலில் நான் போய் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்னிடம் ஆப் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். மூன்றையும் அழிக்கலாம் என்று போனேன். பெயரளவுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவற்றில் எதுவும் அவள் பார்ப்பது அல்ல.

அறையில் மின்விசிறி ஓடுகிறது. கீழே யாரோ பணம் போட்டதாகப் பெட்டி கத்துகிறது. புஷ்பலதா எதையோ படித்துவிட்டு, மெல்ல, தனக்குள் சிரிக்கிறாள். தேவிப்ரியாவுக்கு அந்தச் சிரிப்பு கேட்கிறது. அவள் திரும்பவில்லை.

நானும் இங்கே முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். மிச்சம் உங்கள் கையில். நீங்கள் இன்னும் அறைக்குள்தான் நிற்கிறீர்கள். இரண்டு எட்டு வைத்துக் குனிந்தால் போனின் திரை தெரியும். குனிவதும் குனியாததும் உங்கள் இஷ்டம்.

குனிந்து பார்த்தால், என்னிடம் வந்து சொல்லாதீர்கள்.